ஸ்பிதிக்கு அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

காலாண்டு விடுமுறையில் நீங்கள், மனைவி, ஒன்பது வயது மகள், அறுபத்தாறு வயது அப்பா என்று நாலு பேராக இமாச்சலில் இருக்கும் ஸ்பிதிக்குப் போகிறீர்கள். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மணாலியிலிருந்து காலையில் கிளம்பி முதல் ராத்திரி சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரத்தில், அப்புறம் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவில் தங்கல், வந்த வழியே மணாலி, மலையில் மொத்தம் ஆறு ராத்திரி என்று திட்டமும் கொடுத்திருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "அப்பாவுக்கு பிபி மாத்திரை ஓடுகிறது, ஆனால் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போய் வந்தவர், ஒன்றும் ஆனதில்லை." எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. பையில் என்ன வைப்பது என்பதை அப்புறம் சொல்கிறேன். இந்த மலையில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த ராத்திரி எவ்வளவு உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதை.

பதினான்கு வருடமாகச் சின்னச் சின்னக் குழுக்களை இமாச்சலுக்கு அழைத்துப் போகிறேன். மலையில் முதலுதவிக்கென்று பயிற்சி எடுத்திருக்கிறேன், ஆனால் டாக்டர் இல்லை. அதனால் மாத்திரை பற்றி நான் எழுதுவதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். சாலை, உயரம், தங்கல் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 தான். தென்னிந்தியாவில் அதைவிட உயரமான இடம் என்று தேடினால் ஆனைமுடி, அதுவும் 2,695. உயரத்தால் வரும் உடம்புக்கோளாறு பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்கும்போது. ஆக, உங்கள் அப்பாவுக்கு மட்டுமில்லை, நம்மில் யாருக்கும் உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று வீட்டுப் பக்கம் சோதித்துப் பார்க்க மலையே கிடையாது. கொடைக்கானலில் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்து ஸ்பிதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். மணாலி 2,000 மீட்டர் சொச்சம். சந்திரதால் சுமார் 4,250. ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, அங்கேயே படுக்கிறீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் அறுபது சதவீதம்தான் தேறும். காற்றில் ஆக்சிஜன் விகிதம் எங்கேயும் அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கணக்கில் நேரம் வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை கூட்டாமல் அதே இடத்தில் இருங்கள். தூங்கும் உயரம் என்பதுதான் இதில் முக்கியம். பகலில் மேலே போய்ச் சுற்றிவிட்டு இறங்கி வந்து படுத்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

ஒரு தடவை இதே திட்டத்தில் நானே போனேன். குழுவில் இருந்தவர்கள் லீவு இல்லை, லீவு இல்லை என்று நெருக்கினார்கள், நானும் அனுபவம் போதாமல் தலையாட்டிவிட்டேன். அதில் இருபத்தேழு வயதுப் பையன் ஒருவன், மாரத்தான் ஓடுகிறவன். சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லோரையும்விட வேகமாக நடந்தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டே இருந்த சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், ஜிப் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத் துணியில் தேடிக்கொண்டிருக்கிறான். "ஒண்ணுமில்லண்ணா, தூக்கக் கலக்கம்" என்றான். வெளியே கூட்டி வந்து, குதிகாலையும் கட்டை விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்து என் தோளைப் பிடித்தான். மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் தடுமாறுவது நடைதான். குடிக்காத ஆள் குடித்தவன் மாதிரி நடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சந்திரதாலின் சங்கடம் அப்போதுதான் புரிந்தது. அங்கிருந்து காஸா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் குன்சும் கணவாய் ஏற வேண்டும், அது 4,500 மீட்டருக்கு மேல். உயர நோய் கண்டவனை இன்னும் மேலே ஏற்றுவதா? மறுபக்கம் பாத்தல் வழியாகக் கீழே இறங்கலாம், ஆனால் அது சாலை என்று பெயர் வைத்த கல்படுகை, போன் சிக்னலும் கிடையாது. டிரைவரை எழுப்பி, நடுராத்திரியில் அந்த வழியே இறங்கினோம். சத்ரு என்ற இடத்துக்கு வரும்போது விடிந்துவிட்டது. ஊர்ப் பெயர் நம் காதுக்குப் பகைவன் மாதிரி ஒலித்தாலும், எங்களுக்கு அன்றைக்கு அது நட்பாகத்தான் இருந்தது. 3,300 மீட்டர் சொச்சத்துக்கு இறங்கியதும் பையன் தானாகவே டீ கேட்டான். அதற்கப்புறம் நான் யாரையும் முதல் ராத்திரி சந்திரதாலில் படுக்க வைப்பதில்லை.

யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. உடற்பயிற்சி காப்பாற்றாது. வயதாகிவிட்டது என்பதற்காகவே வந்துவிடுவதும் இல்லை. என் அனுபவத்தில் அதிகம் மாட்டுகிறவர்கள் இளைஞர்கள்தான், ஏனென்றால் அவர்கள்தான் ஓடுவார்கள், தலைவலியை வெளியே சொல்லவும் மாட்டார்கள். பெரியவர்கள் மெதுவாக நடப்பார்கள், முடியவில்லை என்றால் உட்கார்ந்துவிடுவார்கள். ஓரளவுக்குத் துப்புக் கொடுப்பது, முன்பு இதே மாதிரி உயரத்தில் உடம்பு எப்படி இருந்தது என்பது மட்டும்தான். உங்கள் நாலு பேருக்குமே அந்தக் கணக்கு கிடையாது.

சரி, அறிகுறி என்ன? தலைவலி, கூடவே குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, அசதி, தலைசுற்றல், தூக்கமின்மை இவற்றில் ஒன்றிரண்டு. இவ்வளவுதான் என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் இருந்து, தண்ணீர் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டுப் பாருங்கள். சரியாகாமல் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஈரமான இருமல், உதடு நீலம் பாய்வது, பேச்சு குழறுவது, நடை தடுமாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் கீழே இறங்குங்கள். முந்நூறு மீட்டர் இறங்கினாலே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், ஆயிரம் மீட்டர் இறங்க முடிந்தால் ரொம்ப நல்லது. மகளிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. விளையாட மாட்டேன் என்கிறாள், பிடித்த பிஸ்கட்டைக்கூடத் தள்ளுகிறாள், காரணமில்லாமல் சிணுங்குகிறாள் என்றால் அதுதான் அவளுடைய தலைவலி. வளைவுச் சாலையில் கார் பயணத்தாலும் வாந்தி வரும். வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் அது பயண வாந்தி, தெளியவில்லை என்றால் உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முன்னமே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராத்திரியில் உங்கள் மனைவி பயந்துவிடுவார். உயரத்தில் தூங்கும்போது சிலருக்கு மூச்சு சில விநாடிகள் நின்றே போகும், அப்புறம் நாலைந்து பெரிய மூச்சாக வாங்கும், மறுபடி நிற்கும். வேறு தொந்தரவு இல்லாமல் இது மட்டும் இருந்தால் அங்கே அது சகஜம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பரணில் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நம் ஊரில் 95க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பழக்கத்தில் அங்கே பார்க்காதீர்கள். காஸாவில் நன்றாக இருக்கும் ஆளுக்கே 85, 90 என்று காட்டும், விரல் சில்லிட்டிருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று தலைவலியை ஒதுக்கவும் கூடாது. ஆளைப் பாருங்கள், அப்புறம் எண்ணைப் பாருங்கள்.

கையடக்க ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே போவது, கைக்குட்டையை நம்பி மழையில் கிளம்புவது மாதிரி. வாட்ஸாப்பில் சுற்றும் கற்பூர வைத்தியத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. மூக்கில் சில்லென்று ஏறுவதால் மூச்சு லேசான மாதிரி தோன்றும், அவ்வளவுதான். கற்பூரம் குழந்தையின் வாய்க்குள் போனால் விஷம், அதைப் பையில் வைக்கவே வேண்டாம். பூண்டு சூப் உயர நோயைத் தடுக்கும் என்பார்கள், நிரூபணம் ஆகாத விஷயம். ஆனால் குளிருக்குச் சூடாக ஒரு கிண்ணம் உள்ளே போவது எப்படியும் நல்லதுதானே, குடியுங்கள். உறுதியாகப் பலன் தெரிந்த மாத்திரை அசிட்டசோலமைடு, டயமாக்ஸ் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்குத் தடுப்பாகப் பொதுவாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம் காலை, இரவு, ஏறுவதற்கு முந்தைய நாளே ஆரம்பித்து. விரல் நுனி ஊசி குத்துகிற மாதிரி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. நிதானமாக ஏறினால் பலருக்கு இது தேவைப்படாமலே போகும்.

அப்பாவின் பிபி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இது. உயரத்தில் முதல் சில நாட்கள் ரத்த அழுத்தம் எல்லோருக்கும் கொஞ்சம் கூடும். கட்டுக்குள் இருக்கும் பிபியோடு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு போய் வந்த பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாத்திரையில் சிறுநீர் போக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா, இருந்தால் டயமாக்ஸும் சேர்த்துப் போடலாமா? அங்கே அளந்து பார்த்து எவ்வளவு வரை கூடினால் மருந்தை மாற்ற வேண்டும்? இதயத்துக்கு ஏதாவது சோதனை செய்துவிட்டுப் போக வேண்டுமா? மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, முன்பு ஸ்டென்ட் வைத்திருக்கிறார் என்றால் இது வேறு பேச்சு, அதற்கு இதய மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு விஷயம். தூக்க மாத்திரை பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் மதுவும் உயரத்தில் மூச்சை மட்டுப்படுத்தும்.

இனி திட்டத்தைத் திருப்பிப் போடுவோம். ஸ்பிதிக்கு இரண்டு வாசல். மணாலி வாசல் கிட்ட இருக்கிறது, காஸாவுக்கு இருநூறு கிலோமீட்டர்தான், ஆனால் அது படியே இல்லாத வாசல். சிம்லா, கின்னோர் வாசல் அதைப்போல இரண்டு மடங்கு தூரம், ஆனால் படிப்படியாக ஏற்றிவிடும். சிம்லா வாசலில் நுழைந்து மணாலி வாசலில் வெளியேறுங்கள். சண்டிகரில் காலையில் இறங்கினால் அன்றைக்கே சிம்லாவைத் தாண்டி நார்கண்டா, 2,700 மீட்டர். அடுத்த நாள் கல்பா, 2,960. எதிரே கின்னர் கைலாஷ், காலை வெயில் அதன் மேல் விழும் நேரத்துக்கு அப்பாவை எழுப்பி உட்கார வையுங்கள், போதும். மூன்றாம் நாள் நாகோவில் ஏரியைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தாபோவுக்கு. பலர் நாகோவிலேயே தங்கிவிடுவார்கள். அது 3,600க்கு மேல், தாபோ 3,280 தான். மேலே போய்விட்டு இறங்கிப் படுக்கும் வாய்ப்பைச் சாலையே கொடுக்கும்போது ஏன் விட வேண்டும்? நாலாம் நாள் தங்கர் மடம் பார்த்துவிட்டு ஏறத்தாழ 3,700 மீட்டரில் இருக்கும் காஸா. ஐந்தாம் நாள் கீ மடம், கிப்பர் போய்விட்டு மறுபடி காஸாவிலேயே படுக்கை. ஆறாம் நாள் விடியும் முன்னே கிளம்பி குன்சும் தாண்டி, சந்திரதாலைப் பகலில் பார்த்துவிட்டு, மணாலிக்குப் போகும் அடல் சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம் சிஸ்ஸுவிலோ அந்தப் பக்கம் மணாலியிலோ தங்கல். ரொம்ப நீளமான நாள் அது. சந்திரதால் 2005லேயே ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி, கரையில் கூடாரம் போட விடமாட்டார்கள், முகாம்கள் தள்ளித்தான் இருக்கின்றன. ஆகவே ராத்திரி தங்காததால் ஏரியை இழந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

கணக்குப்படி ஆறு ராத்திரியில் இது முடிந்துவிடும், ஆனால் கையில் ஒரு நாள்கூட மிச்சம் இருக்காது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கூடுதல் லீவு கிடைத்தால் ஒன்றைக் காஸாவில் போடுங்கள், லாங்சா, ஹிக்கிம், கோமிக் பார்க்க. மூன்றுமே 4,400 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும் ஊர்கள், காஸாவில் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு போனால் உடம்பு முரண்டு பிடிக்காது. மற்றொரு நாளைச் சும்மா வைத்திருங்கள். லீவு கிடைக்காது என்றால் இன்னொரு வழி சொல்கிறேன், அப்பாவுக்கு இதுதான் தோது என்றுகூட நினைக்கிறேன். குன்சுமையும் சந்திரதாலையும் விட்டுவிடுங்கள். தாபோவில் இரண்டு ராத்திரி தங்கி, அங்கிருந்து பகலில் காஸாவும் கீ மடமும் போய் வந்து, வந்த வழியே திரும்புங்கள். தாபோவிலிருந்து காஸா ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஒரு ராத்திரிகூட 3,300 மீட்டருக்கு மேல் தூங்க மாட்டீர்கள், ஆனால் ஸ்பிதியில் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் பார்த்திருப்பீர்கள்.

சும்மா ஒரு நாள் எதற்கு என்று கேட்பீர்கள். செப்டம்பர் கடைசி நல்ல பருவம். ஸ்பிதி மழைமறைவுப் பிரதேசம், ஆனால் அங்கே போகும் இரண்டு சாலையும் அப்படியில்லை. ஜூலை, ஆகஸ்டில் மலை சரிந்து வழியில் விழும். 2023 ஜூலை வெள்ளத்தில் சந்திரதாலில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். செப்டம்பர் பிற்பகுதியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் 2018ல் இதே செப்டம்பர் பிற்பகுதியில்தான் எதிர்பாராமல் பனி கொட்டி, லாஹௌல் ஸ்பிதி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. எப்போதும் நடப்பதில்லை, ஆனால் நடக்கக்கூடியது. குன்சும் எந்த வருடம் எந்தத் தேதியில் மூடும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. காஸாவில் கிளம்புவதற்கு முந்தைய மாலை, அன்று அந்தப் பக்கமிருந்து வந்த டிரைவர்களை விசாரியுங்கள். இணையத்தில் கிடைக்கும் எந்தத் தகவலையும்விட அது புதியது.

வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம். நீங்கள் நன்றாக ஓட்டுபவராக இருக்கலாம், அது பிரச்சினை இல்லை. குன்சுமுக்குக் காஸா பக்கம் இருக்கும் லோசரிலிருந்து மணாலி பக்கம் இருக்கும் கிராம்பு வரைக்கும் வழியில் ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடும். உருகும் பனித் தண்ணீர் என்பதால் காலையில் கணுக்கால் அளவு இருப்பது மத்தியானம் முழங்காலுக்கு வந்துவிடும். எந்தக் கல்லில் சக்கரத்தை ஏற்றுவது என்பது அங்கே தினமும் போய் வருகிறவனுக்குத்தான் தெரியும். உள்ளூர் டிரைவரைப் பிடியுங்கள், அவர் ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்றால் ஐந்தே காலுக்கு வராதீர்கள்.

லடாக்குக்கு எழுதிய குறிப்புகளை அப்படியே ஸ்பிதிக்கும் சொல்பவர்கள் உண்டு, அதில் ஏமாற வேண்டாம். ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது என்பது லடாக், ஜம்மு காஷ்மீர் கதை. இமாச்சலில் நம் ஊர் ப்ரீபெய்டு வேலை செய்யும், சிக்னல் இருந்தால். காஸாவில் இருக்கும், சின்ன ஊர்களில் சந்தேகம், குன்சுமுக்கும் கிராம்புக்கும் நடுவில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு ஸ்பிதிக்கு அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம், சோதனைச் சாவடியில் காட்ட ஆதார் போதும். கூடவே வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள உறவினர் யாராவது வந்தால் மட்டும், கின்னோர் வழிக்கு அவருக்கு அனுமதி வாங்க வேண்டும். காஸாவில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் பணமும் கரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. யுபிஐ சிக்னலோடு சேர்ந்தே போய்விடும். கல்பாவுக்குக் கீழே இருக்கும் ரெக்காங் பியோவிலேயே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறை நோட்டாக.

நீங்கள் கேட்ட பைக்கு வருகிறேன். ஒரே ஒரு தடித்த ஜெர்க்கினுக்குப் பதில் மூன்று அடுக்கு: உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், நடுவில் கம்பளியோ ஃப்ளீஸோ, மேலே காற்றுப் புகாத ஒன்று. காஸாவில் அந்தச் சமயம் ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், பகல் வெயிலோ தோலை உரிக்கும். ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால் சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கு வாசலின் மூன்றும் மகளுக்கும் வேண்டும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காயாது, அதை உள்ளே போடாதீர்கள். அப்பா குரங்குக் குல்லா எடுத்துக்கொண்டால் சிரிக்காதீர்கள், மூன்றாம் நாள் கடன் கேட்பீர்கள். நல்ல ஃபிளாஸ்க் ஒன்று, டார்ச், பவர் பேங்க். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், ராத்திரி போனைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகிவிடும், வாய் அகன்ற டப்பாவில் கொண்டு போங்கள். அழுத்தம் குறைவதால் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பும், அது வேடிக்கை. ஊறுகாய் பாட்டிலுக்கும் அதுவேதான், ஆனால் அது வேடிக்கை இல்லை. கல்பாவில் ஒரு அம்மா பையைத் திறந்தபோது மாவடு எண்ணெய் ஐந்து பேர் ஸ்வெட்டரில் இறங்கியிருந்தது, பயணம் முழுக்க வண்டியில் அந்த வாசனைதான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்றால் விளிம்பு வரை நிரப்பாமல், பாலித்தீன் உறைக்குள் வைத்து மேலே டப்பா. அங்கே ராஜ்மா சோறும், துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் எங்கும் கிடைக்கும். 4,200 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. கிருமி சாக அந்தச் சூடு போதும், கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட்டால் சரி.

கோமிக், லாங்சா மாதிரி ஊர்களில் வீட்டில் தங்கினால் பழைய முறைக் கழிப்பறை இருக்கும், யாரும் சொல்லித் தராததால் நம்மவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். மேல்தளத்தில் ஒரு துளை, கீழே ஓர் அறை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வெட்டி. முடித்ததும் ஒரு வாரி மண் தள்ள வேண்டும். தண்ணீர் உள்ளே ஊற்றக் கூடாது, மக்கி எருவாகி வயலுக்குப் போக வேண்டியது அது. நாப்கின், ஈரத்தாள் எதையும் போடாமல் ஓர் உறையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். அப்பாவுக்கு முழங்கால் மடக்க முடியாது என்றால் முன்பதிவின்போதே கேட்டு, மேல்நாட்டுக் கழிப்பறை உள்ள இடமாகப் பாருங்கள்.

டார்ச் என்று சொன்னேனே, அது தாபோவுக்கும்தான். 996ல் எழுப்பிய மண் மடம் அது, உள்ளே இருட்டு, படம் எடுக்க அனுமதி இல்லை. வெளிச்சத்திலிருந்து நேரே உள்ளே போனவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அனுமதி கேட்டுச் சின்ன டார்ச்சை அடித்துக்கொண்டு, கண் பழகும் வரை நில்லுங்கள், சுவர் முழுக்க ஓவியம் மெல்லத் துலங்கும். ஹிக்கிம் போக முடிந்தால் அந்தத் தபால் நிலையத்திலிருந்து மகள் கையால் பாட்டிக்கோ தோழிக்கோ ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். 1983லிருந்து நடக்கும் தபால் நிலையம், நீங்கள் வீடு வந்து வெகு நாள் கழித்துக்கூடக் கார்டு வந்து சேரும்.

அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு, அவர் சரி என்ற பிறகு டிக்கெட் போடுங்கள். போகும் டிக்கெட் மணாலிக்கு இல்லை, சண்டிகருக்கு. திரும்பும் டிக்கெட்டை, மலை இறங்கும் நாளிலிருந்து ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். முன்பே போட்டுவிட்டீர்கள் என்றால் தேதியை மட்டும் சொல்லுங்கள், எந்த ராத்திரி எங்கே என்று உட்கார்ந்து பார்ப்போம்.